ஓஎஸ் மாற்ற நாள் குறிப்பது எப்படி

ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கின் தாக்கலுக்கு மாதத்தின் 20-ஆம் தேதி கடைசி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் ஏற்றினால், மறுநாள் காலை டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை (யூஎஸ்பியில் செருகும் சாதனம்) அது அடையாளம் காணாமல் போகலாம். டோக்கனின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் சிறு மென்பொருளை, மறுபடி நிறுவினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் சங்கதிதான். ஆனால் 20-ஆம் தேதியன்று அந்தப் பத்து நிமிடம் எங்கே இருக்கிறது? ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) மாற்றி அவதிப்படுபவர்களில் பலர், எதைப் போடுவது என்று நாலு பேரைக் கேட்டிருப்பார்கள்; என்றைக்குப் போடுவது என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நாள் குறிக்க மூன்று கேள்வி போதும். இப்போது இருக்கும் ஓஎஸ்ஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும்? மெஷின் புதியதைத் தாங்குமா? உங்கள் தொழிலில் எந்த வாரம் கை காலியாக இருக்கும்? புதிய பதிப்பு என்றைக்கு வெளியானது என்பது இந்தக் கணக்கில் வராது.

முதலில் கெடு

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால், எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று தெரியும்.

விண்டோஸ் 10 என்று வந்தால் கெடு தாண்டிவிட்டது. அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே நாள்தான். வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஓர் ஆண்டு நீட்டிப்பு தந்தது: இஎஸ்யூ என்ற திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். கம்ப்யூட்டரில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சிங்க் செய்தால் கட்டணம் இல்லை; இல்லையென்றால் 30 டாலர் அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பொத்தான் இருக்கும். இது தவணை மட்டும்தான். நிதானமாக நாள் பார்க்க அவகாசம் வாங்கித் தரும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கும் கெடு உண்டு. ஹோம், புரோ வகைகளில் 23எச்2-க்கு 2025 நவம்பர் 11-உடன் முடிந்தது. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13. 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12. 24எச்2-இலிருந்து 25எச்2-க்குப் போவது சிறிய பொட்டலம், ஒரே ரீஸ்டார்ட். அதற்கெல்லாம் நாள் பார்க்க வேண்டாம். 23எச்2-இலிருந்து போவது முழு அப்கிரேடு. கீழே சொல்லும் ஏற்பாடெல்லாம் அதற்கும் வேண்டும்.

ஆதரவு முடிந்த மறுநாள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. அதனால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் ஆதரவு முடிந்தது. 2023-இல் குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. உலாவி நின்ற பிறகு வங்கித் தளமும் அரசுத் தளமும் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கத் தொடங்கும். அந்தக் கட்டம்வரை காத்திருந்தவர்கள் நிதானமாக நாள் பார்க்க முடியாது, அன்றைக்கே ஃபார்மட் அடிக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்டிக்கர் கட்டிங் மெஷின், பழைய பிளாட்டர், ஆய்வகக் கருவி போன்ற ஒன்றை இயக்குவதற்காக மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால், அதில் கை வைக்காதீர்கள். அதற்கான டிரைவர் புது விண்டோஸுக்கு வந்தே இருக்காது. நெட் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, ஸ்கேன் செய்த பென் டிரைவில் மட்டும் ஃபைல் கொண்டுபோங்கள். ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து ஒரு உதிரி டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மெஷின் தாங்குமா

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது: 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் செய்யத் தெரிந்த யூஇஎஃப்ஐ பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்), மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ள சிபியூ. சிபியூவை எண்ணை வைத்தே கண்டுகொள்ளலாம். இன்டெலில் ஐ5-7400 என்றால் ஏழாம் தலைமுறை, ஆகாது. ஐ5-8400 எட்டாம் தலைமுறை, ஆகும். ஐ5-10400 பத்தாம் தலைமுறை. ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து. உறுதி செய்ய மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பாருங்கள்.

அது ‘டிபிஎம் இல்லை’ என்று சொன்னதும் மதர்போர்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் டிபிஎம் பெரும்பாலும் சிபியூவுக்குள்ளேயே இருக்கும், பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர். அட்வான்ஸ்டு அல்லது செக்யூரிட்டி பக்கத்தில் தேடி எனேபிள் செய்தால் போதும்.

பயாஸில் நுழையும் முன் ஒரு வேலை. லேப்டாப்பாக இருந்தால் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கலாம். வாங்கிய நாளில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் திறந்தபோது அது தானாகவே நடந்திருக்கும். பயாஸில் டிபிஎம்மைத் தொட்டால் அடுத்த பூட்டில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்தக் கணக்கில் உலாவி வழியாக நுழைந்தால் சாதனங்கள் பகுதியில் கீ கிடைக்கும். எழுதி வைத்துக்கொண்டுதான் பயாஸுக்குள் போக வேண்டும். வேறு யாரோ போட்டுத் தந்த மின்னஞ்சலில் அந்தக் கணக்கு இருந்தால், முதலில் அதன் பாஸ்வேர்டைக் கண்டுபிடியுங்கள்.

அடுத்தது டிஸ்க்கின் அமைப்பு. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி வரும் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் பக்கத்தில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் லெகசி என்று இருந்தால், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கிறது. ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உண்டு, டேட்டா அழியாமல் மாற்றித் தரும். ஆனால் டிஸ்க்கில் மூன்று பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். நம் ஊரில்தான் சி, டி, இ, எஃப் என்று கூறு போடாமல் யாரும் டிஸ்க் தருவதில்லையே. அப்படிப்பட்ட மெஷினில் டேட்டாவை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் சுருக்கு வழி. டிஸ்க்கை மாற்றும் முன்பே பயாஸில் யூஇஎஃப்ஐ மட்டும் என்று வைத்துவிட்டால் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று நிற்கும். பயப்பட வேண்டாம், சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் செய்யும் தேர்வு) மறுபடி எனேபிள் செய்தால் பழையபடி எழும்.

நாலைந்து வருடம் ஓடிய டெஸ்க்டாப்பில் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும்; நீங்கள் போட்ட டிபிஎம்மும் யூஇஎஃப்ஐயும் காணாமல் போய், புது விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கும். பழி புது விண்டோஸ் மேல் விழும்.

இனி பட்டியலில் இல்லாத இரண்டு. ஒன்று, சுழலும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 11 போடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தடுக்காது, ஆனால் கம்ப்யூட்டர் எழுந்து கைக்கு வரவே ஐந்து நிமிடம் ஆகும். முதலில் எஸ்எஸ்டி, பிறகு ஓஎஸ். ராம் 8 ஜிபி இல்லாமல் வேலை ஓடாது. 4 ஜிபி என்பது காகிதத்தில் மட்டும். இரண்டு, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் டிஸ்க்கின் ஆரோக்கியம் பாருங்கள். ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால் அப்கிரேடு பேச்சே எடுக்கக் கூடாது. பல ஜிபி எழுதி அழிக்கும் வேலை இது. சாகக் கிடக்கும் டிஸ்க் அன்றைக்குத்தான் உயிரை விடும்.

சிபியூ தாங்காத மெஷினில் ரூஃபஸ் போன்ற கருவியால் தடையைத் தாண்டி நிறுவலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நிறுவலாம்தான். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுப் பதிப்பு மாறும்போதெல்லாம் அதே வித்தையைக் கையால் செய்ய வேண்டும். 24எச்2-இல் எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் என்ற சிபியூ கட்டளைகள் தெரியாத மிகப் பழைய சிபியூக்கள் பூட்டே ஆகாமல் போயின. சொந்தமாகக் கழற்றி மாட்டிப் பழகியவர் வீட்டில் செய்துபார்க்கட்டும். பில் போடும் மெஷினில் வேண்டாம்.

பழைய தமிழ் எழுத்துருவும் 32-பிட்டும்

சென்னையில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து டிடிபி (பக்கம் வடிவமைக்கும்) கடைகளில் பேஜ்மேக்கர் 7 இன்னும் ஓடுகிறது. அது 32-பிட் மென்பொருள், 64-பிட் விண்டோஸிலும் எழும். சிக்கல் அதைச் சுற்றியுள்ளவற்றில். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. இப்போது 32-பிட் விண்டோஸ் 10 இருந்தால் அப்கிரேடு என்ற வழியே இல்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். 16-பிட் காலத்துச் செயலிகள் 64-பிட் விண்டோஸில் திறக்கவே மாட்டா. மென்பொருளின் உரிமத்தை உறுதி செய்யச் செருகும் டாங்கிளுக்கு 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லையென்றால் அந்த மென்பொருள் அன்றோடு சரி.

பாமினி, வானவில், டாம், டாப் வகை எழுத்துருக்கள் அப்கிரேடில் பத்திரமாக இருக்கும். ஃபார்மட் அடித்தால் போய்விடும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கல்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். அந்த எழுத்துருவுக்கான கீபோர்டு மென்பொருளின் நிறுவல் ஃபைலையும் தேடி வையுங்கள். பல நிறுவனங்கள் அதை இப்போது தருவதில்லை. யூனிகோடு மட்டும் அடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸ் 11-இன் உள்ளேயே இருக்கின்றன.

எந்த வாரம்

கணக்குத் தொழிலில் மாதத்தின் முதல் 20 நாள் ஆகாது. 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், 20 ஜிஎஸ்டிஆர்-3பி. 21-க்குப் பிறகு கைக்கு வரும் பத்து நாள்தான் உங்களுக்கு. அதிலும் மார்ச், ஜூலை, செப்டம்பர் கடைசி வாரங்களைத் தள்ளிவிடுங்கள். ஆண்டு முடிவும் வருமான வரியும் தணிக்கையும் அங்கே காத்திருக்கும்.

கல்யாணப் பத்திரிகை அச்சிடுபவர்களுக்கு ஆடி மாதம் வாகானது. ஆடியில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள் என்பதாலேயே முகூர்த்தம் இல்லை. ஆகவே ஆர்டரும் இல்லை. மார்கழியும் அப்படித்தான் என்று தோன்றும், ஆனால் காலண்டர், டைரி வேலை அப்போது குறுக்கே நிற்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை வலுத்தால் சென்னையின் தாழ்வான பகுதிகளில் மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாக நிறுத்துவார்கள். நடுவழியில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சில வேளை இரண்டுங்கெட்டானாக நிற்கும். அப்கிரேடு முடிய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கடையில் வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. அதை நம்பிக் களத்தில் இறங்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் அதன் லைனில் மாட்டுங்கள். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பில் உங்கள் தெருப் பெயர் இருக்கிறதா என்று முந்தின நாள் பாருங்கள். ராகு காலம் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாயை ஒட்டிய நாட்களையும் விடுங்கள். மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் அன்றைக்கு நம் நேரப்படி இரவு பத்தரை, பதினொன்றரை வாக்கில் வெளியாகும். அதில் ஏதாவது கோளாறு இருந்தால் வெளியே தெரிய நாலைந்து நாள் பிடிக்கும். ஆண்டுப் பதிப்பு விஷயத்தில் இதே காத்திருப்பு இரண்டு மூன்று மாதம். உங்கள் மெஷினின் டிரைவரில் தெரிந்த சிக்கல் இருந்தால் மைக்ரோசாஃப்டே அந்த மெஷினுக்குப் பதிப்பைத் தடுத்து வைக்கும். அப்டேட் பக்கத்தில் ‘இன்னும் தயாராகவில்லை’ என்று வந்தால் அதற்குக் காரணம் இருக்கும். ஐஎஸ்ஓவை (விண்டோஸின் முழு நிறுவல் ஃபைல்) இறக்கி வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம்.

முந்தின நாளும் அன்றும்

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருந்தால் விண்டோஸ் 11-க்குத் தனியாகக் கீ வாங்க வேண்டாம், இலவசம்தான். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்று உங்கள் வீட்டு மெஷினில் வந்தால், விற்றவர் கள்ளக் கருவியால் ஆக்டிவேட் செய்திருக்கிறார் என்று அர்த்தம். அதன்மேல் அப்கிரேடு செய்யாமல் முறையான லைசன்ஸோடு புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 7 கீயைப் போட்டு ஆக்டிவேட் செய்யும் பழைய வழி 2023 செப்டம்பரில் அடைபட்டது.

பேக்கப் வெளி டிஸ்க்கில் இருக்க வேண்டும். ‘டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன்’ என்பது பேக்கப் ஆகாது, அதுவும் அதே டிஸ்க்தான். டாலிபிரைம் கணக்கு மென்பொருளின் டேட்டா வழக்கமாக சி டிரைவின் பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் எடுத்துவிட்டு ஃபார்மட் அடித்தவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். ஃபார்மட் என்றால் டாலி லைசன்ஸை முன்னதாக சரண்டர் செய்யவும் வேண்டும். அவுட்லுக் மின்னஞ்சல் இருக்கும் பிஎஸ்டி ஃபைல், உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரிண்டர், டோக்கன் டிரைவர்கள் எல்லாம் அதோடு. எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

அன்றைக்கு சி டிரைவில் 30 ஜிபியாவது காலி செய்யுங்கள். வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை நீக்குங்கள். பிரிண்டர், டோக்கன், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி, கீபோர்டும் மவுஸும் மட்டும் விடுங்கள். ஐஎஸ்ஓ இறக்குவதானால் ஆங்கிலத்தில் இரண்டு வகை உண்டு: யுனைடெட் ஸ்டேட்ஸ், இன்டர்நேஷனல். ஏற்கெனவே உள்ள விண்டோஸ் எந்த வகையோ அதையே எடுக்க வேண்டும். மாறினால் ‘செயலிகளையும் ஃபைல்களையும் வைத்துக்கொள்’ என்ற தேர்வு மங்கிப்போகும். அது மங்கியிருக்கும் நிலையில் ‘நெக்ஸ்ட்’ அழுத்திவிட்டு டாலி எங்கே என்று பிறகு தேடக் கூடாது. அங்கேயே நிறுத்திச் சரியான ஐஎஸ்ஓவை எடுங்கள்.

பாதியில் நின்று பிழை எண் காட்டினால் அந்த எண்ணைப் பாருங்கள். 80070070 என்றால் இடம் போதவில்லை. சி1900101 என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் தடுக்கிறது. கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதுப்பித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

மேக்கும் லினக்ஸும்

ஆப்பிள் கெடு தேதி எதையும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. நடப்பில், புதியதையும் சேர்த்து மூன்று பதிப்புகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. அதனால் ஒரு பதிப்பு பின்தங்கியிருப்பதில் தப்பில்லை. இன்டெல் மேக்குகளுக்கு 2025-இல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும், ஐந்து ஆண்டு ஆதரவு. பழைய எல்டிஎஸ் வைத்திருப்பவருக்கு முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகே அப்கிரேடு அறிவிப்பு வரும். அதுவரை காத்திருப்பதே முறை. விண்டோஸ் 11 தாங்காத ஏழாம் தலைமுறை மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மறுவாழ்வு, உலாவியும் லிப்ரே ஆபீஸும் போதும் என்றால். பிரிண்டரை மட்டும் முதலில் சோதியுங்கள். கடைக்குக் கடை இருக்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் லேசில் வழிக்கு வராது. ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு ஹெச்பிலிப் மென்பொருளோடு தனிப் பிளகின் இறக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து லைவாக ஓட்டி ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

பத்து நாள்

விண்டோஸில் அப்கிரேடு ஆன பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். செட்டிங்ஸில் ரெகவரி பக்கத்தில் ‘கோ பேக்’ இருக்கும். இடம் காலி செய்கிறேன் என்று விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை இடையில் அழித்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். 21-ஆம் தேதி ஏற்றியவருக்கு மாதக் கடைசிவரை அவகாசம். அதற்குள் மாதம் முழுக்கச் செய்யும் வேலை எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டுங்கள்: ஜிஎஸ்டி தளத்தில் நுழைந்து டோக்கனை அது அடையாளம் காண்கிறதா என்று பார்ப்பது, ஒரு பில்லை டாட் மேட்ரிக்ஸில் அடிப்பது, ஸ்கேனரில் ஒரு தாள், பழைய பேஜ்மேக்கர் ஃபைல் ஒன்று, வைஃபையில் பிரிண்டர். டோக்கன் தெரியவில்லை என்றால் டிரைவரை மட்டும் மறுபடி போடுங்கள். ‘இனிஷியலைஸ்’ செய்தால் உள்ளே இருக்கும் சான்றிதழே அழிந்துவிடும். எல்லாம் ஓடினால், பத்து நாளில் தானாக அழியாமல் கிடக்கும் பழைய விண்டோஸை டிஸ்க் கிளீனப்பில் அழித்து 10 முதல் 20 ஜிபி வரை மீட்டுக்கொள்ளலாம்.